ஒரு நாள் கெடு: மதுரையில் ஒரு குடிநோய் மீட்புக் குழு

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கமிஷன் கடை நடத்துகிற எனக்கு, வேலை விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கி, கணக்கு முடித்துக் கையில் பணம் புரளும் நண்பகலில் ஓய்கிறது. டாஸ்மாக் கடை திறப்பதும் 12 மணிக்குத்தான். பதினைந்து ஆண்டுகளாக இந்த இரண்டு நேரங்களும் பிசகாமல் பொருந்தி வந்தன. கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடமாட்டேன். கழற்றிய அன்றே விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டபோதும் கெடு முடியும் நாளை வீட்டாரைவிட நானே கவனமாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே கெடு இல்லாத ஓர் ஏற்பாட்டைத் தேடினேன். அந்தத் தேடலையும், நான்கு மாதமாக வாரம் இருமுறை போய்வரும் குழுவையும் பற்றியது இந்த மதிப்பீடு.

கண்டுபிடிப்பதுதான் கடினம். இணையப் பட்டியல் ஒன்று காட்டிய முகவரிக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. கூட்டம் இடம் மாறி ஓராண்டாகிவிட்டதாக எதிர்க்கடைக்காரர் சொன்னார். தனியார் மறுவாழ்வு இல்லம் ஒன்று, ஆளைப் பார்க்கும் முன்பே மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்டது. கடைசியில் வழிகாட்டியது அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே முதலில் போனது நல்லதாயிற்று. ஏனெனில் நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களுக்குள் கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மருத்துவரின் கண்காணிப்பில் மருந்தாலும் வைட்டமின் பி1 ஊசியாலும் கடக்க வேண்டுமே தவிர, கூட்டத்தில் உட்கார்ந்து கடக்க முடியாது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14446 என்ற கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

குழு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்) மரபைச் சேர்ந்தது, ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பெயர் வெளியிடாமை அதன் அடிப்படை என்பதால் தெருவையும் கிழமையையும் எழுதவில்லை. ஒரு மாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மாலை ஏழு முதல் எட்டரை வரை. ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று அறிவித்துவிட்டுத் தன் அனுபவத்தைப் பேசுகிறார். நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை. முடித்த பிறகும் அறிவுரை வருவதில்லை. குடிகாரனை நடுவில் உட்காரவைத்து ஆளாளுக்குப் புத்தி சொல்லும் உறவினர் கூட்டத்தையே அறிந்திருந்த எனக்கு, இது முதலில் அலட்சியமாகப் பட்டது. இரண்டாம் வாரம் ஒரு பெரியவர் பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுதுவது முறையல்ல. ஆனால் அதைக் கேட்ட பிறகு நான் சொன்னதை எழுதலாம்: தங்கையின் வளைகாப்புக்கென எடுத்துவைத்த மல்லிகையை விற்றுக் குடித்துவிட்டு, வரத்து இல்லை என்று வீட்டில் பொய் சொன்னவன் நான். அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

அங்கேயும் ஒரு கெடு உண்டு. ஆனால் அது ஒரு நாள்தான். இன்று மட்டும் முதல் மடக்கைத் தொடாமல் இருப்பது, நாளையை நாளைக்குப் பார்த்துக்கொள்வது. பல ஆண்டுகளாகத் தொடாதவரும் இன்றைக்கான கணக்கையே சொல்கிறார். மாலையைக் கழற்றும் நாள் என்று ஒன்று வரவே வராது என்பது முதலில் என்னை மிரட்டியது. மூன்றாம் மாதம், முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறிய மகிழ்ச்சியில் குடித்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குத் தலைகுனிந்து போனால் வழக்கம்போல் டீ கொடுத்தார்கள். மறுபடி முதல் நாள் என்று எண்ணத் தொடங்கினோம். கயிறு அறுந்தால் சாமி குத்தம். இங்கே அப்படி எதுவும் இல்லை.

கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. இறுதியில் சுற்றிவரும் டப்பாவில் இயன்றதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயாளிகளான ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்த முறை இது. தரகர் என்றதும் எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது. குடியிலிருந்து மீள ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டிய பன்னிரண்டு படிகளைக் கொண்ட இந்த முறையைப் பற்றி 27 ஆய்வுகளைத் திரட்டி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, முறைப்படி வழிநடத்தப்பட்டால் தொடர்ந்து குடிக்காமலிருக்க இது மற்ற சிகிச்சைகளைவிட நன்றாக உதவுவதாகக் கண்டது.

குறைகளும் உண்டு. படிகளில் இறைவன் அடிக்கடி வருகிறார். அவரவர் புரிந்துகொண்ட இறைவன் என்று விளக்கினாலும், நம்பிக்கை இல்லாதவருக்கு உறுத்தும். நான் போன நாட்களில் பெண் ஒருவரையும் பார்க்கவில்லை. ஒரு பெண் அந்தப் படியேறி வருவது எளிதல்ல. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது, என் மனைவி இன்னும் போகவில்லை; கேட்டால், குடித்தது நீங்கள்தானே என்கிறார். எனக்கான பெரிய குறை நேரம். இரண்டரைக்கு எழுகிற சந்தைக்காரனுக்கு இரவு ஒன்பது என்பது நடுச்சாமம், அவனுக்குக் கண்டம் நண்பகலில்தான். இதைச் சொன்னபோது, இரண்டு பேர் இருந்தாலே கூட்டம் நடத்தலாம் என்றார்கள். சந்தையிலிருந்து இன்னொருவர் வரச் சம்மதித்திருக்கிறார்; புதன்கிழமை நண்பகல் 12 மணிக்கு அறையைத் திறக்கச் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.