பண்ணவாடி நந்தியும் என் முதல் த்ரில்லரும்: கிண்டிலில் ஓராண்டு

நாவலை அமேசானின் கிண்டிலில் மின்நூலாக ஏற்றி ஓராண்டு தாண்டிவிட்டது. எழுதியதையும் சேர்த்தால் நாலு வருஷம். த்ரில்லர் எழுதித் தாமே வெளியிட நினைக்கிறவர்களுக்கு, எனக்கு எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று சொல்கிறேன். என் தீர்ப்பு முதலிலேயே: வெளியான பிறகும் நூலைத் திருத்த முடிகிறதே, அந்த ஒரு வசதிக்காகவே அடுத்த நாவலையும் முதலில் கிண்டிலில்தான் போடுவேன்.

கதையின் விதை 2017 வறட்சியில் விழுந்தது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தபோது பல ஊர்கள் நீருக்குள் போயின. தண்ணீர் வற்றும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். அந்தக் கோடையில் அப்பாவோடு போய் நந்திக்குப் பக்கத்தில், வெடித்த சேற்றின் மேல் நின்றேன். இந்தச் சேற்றில் ஒரு ஜீப் கிடந்தால்? உள்ளே ஒரு எலும்புக்கூடு இருந்தால்? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. 2022இல்தான் எழுத உட்கார்ந்தேன். நான் மருந்துக்கடை வைத்திருப்பவள். காலை ஐந்திலிருந்து ஆறேகால் வரைதான் என் நேரம்.

முதல் படியை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் கொடுத்தேன். மூன்றாம் அத்தியாயத்திலேயே நிறுத்திவிட்டார். "ஏம்மா, உங்க இன்ஸ்பெக்டர் வந்ததும் வராததுமா எலும்பை எடுத்துப் பார்க்கிறாரே! முதல்ல விஏஓ புகார் தரணும். 174வது பிரிவுல எஃப்ஐஆர் போட்டு, போட்டோ எடுத்து, பஞ்சாயத்தார் முன்னால விசாரணை நடத்தி, அதுக்கப்புறம்தான் டாக்டர்" என்றார். ஒரு மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் குறித்தேன். நடைமுறையை ஒழுங்காக எழுதியதும் கதை இன்னும் இறுகியது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் பொய் சொல்லக்கூடியவர். எனக்கு வேண்டிய சந்தேக நபர்கள் அங்கேயே கிடைத்தார்கள்.

அப்போது கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று நான் தீர்மானித்திருக்கவில்லை. 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கொலைக்கு 302 என்று ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆனது. சந்தேக மரணத்துக்கான 174, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194 ஆனது. நான்கு நாள் கையொடிந்தது போல இருந்தேன். பிறகு கதையை 2017இலேயே நிறுத்தினேன், நந்தியைப் பார்த்த அதே கோடையில். பழைய எண்கள் பிழைத்தன, வறட்சியும் பொருந்தியது. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் ஆண்டை முதல் பக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை. உரையாடல்களை மட்டும் கைப்பேசியில் குரல்வழி சொல்லிப் பதிந்தேன். பேச்சின் தாளம் நன்றாகவே வந்தது, ஒற்றுகள்தான் காணாமல் போயின. மெய்ப்புப் பார்க்கப் பணம் கொடுத்து ஆள் வைத்தேன். இந்த நாலு வருஷத்தில் செய்த செலவுகளில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லாதது அதுதான்.

இனி கிண்டில். ஏற்றுவது சுலபம்: யூனிகோடில் ஒரு வேர்டு கோப்பு, 1600க்கு 2560 பிக்சலில் ஒரு அட்டை, ஏழு தேடுசொற்கள். ஐஎஸ்பிஎன் தேவையில்லை. சரிபார்க்க எழுபத்திரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்பார்கள், எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. வரிப் படிவத்தில் பான் எண்ணைத் தவறாமல் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடிப்பார்கள், கொடுத்தால் 15. உரிமத்தொகை மாதம் முடிந்து ஏறக்குறைய அறுபது நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும்.

யோசித்து எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: நூலைக் கிண்டிலுக்கு மட்டுமே தரும் செலக்ட் திட்டத்தில் சேர்வதா, வேண்டாமா. சேர்ந்தால் தொண்ணூறு நாளுக்கு அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் போட்டிருந்த முதல் பன்னிரண்டு அத்தியாயங்களை எடுத்துவிட்டேன். இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமென்றால் சேர்ந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் 35தான். ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். சந்தா கட்டி நூல்களைப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் இருப்பவர்கள் படிக்கிற பக்கங்களுக்கும் பணம் வரும். என் வருமானத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கக் கணக்கில்தான் வந்தது. தமிழ் வாசகர்கள் புது எழுத்தாளரைச் சந்தாவில் படித்துப் பார்க்கிறார்கள், விலை கொடுத்து வாங்கத் தயங்குகிறார்கள். அதில் தப்பே இல்லை.

அந்தப் பக்கக் கணக்குதான் எனக்கு ஆசானாக இருந்தது. எங்கே படிப்பதை நிறுத்தினார்கள் என்று கிண்டில் சொல்லாது, ஒரு நாளில் மொத்தம் எத்தனை பக்கம் என்று மட்டும் காட்டும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாசகர்தான் என்ற நிலையில் இருக்கும்போது அந்த எண்ணே போதும். என் நாவல் அவர்கள் கணக்கில் 212 பக்கம். சில நாள் 212, சில நாள் 61, அப்புறம் 58, மறுபடி 63. அறுபதை ஒட்டி என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். ஏழாம் அத்தியாயம். தொடை எலும்பின் மஜ்ஜையில் டயாட்டம் என்ற நுண்பாசி இருந்தால் நீரில் விழும்போது உயிர் இருந்திருக்கலாம் என்பதையும், மண்டையோட்டைப் புகைப்படத்தோடு பொருத்தி ஆளை அடையாளம் காண்பதையும் பதினொரு பக்கத்துக்குப் பாடமாக எடுத்திருந்தேன். தேடித்தேடிச் சேர்த்த தகவல் என்பதால் ஒன்றையும் விட மனம் வரவில்லை. அதை நாலு பக்கமாக்கி, டயாட்டம் சோதனையின் முடிவைக் கதாநாயகியின் தம்பி வாயால் சொல்ல வைத்தேன். இரண்டு வாரத்தில் அறுபதுகள் குறைந்தன.

இன்னொரு திருத்தம் ஒரு வாசகி சொல்லித் தெரிந்தது. கதாநாயகி பெயர் கௌரி. கிண்டிலில் அந்தப் பெயரைத் தேடினால் பாதி இடங்கள் வரவில்லை என்றார். கோப்பில் பாதி இடத்தில் 'கெளரி' என்று இருந்தது, ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரம். கண்ணுக்குத் தெரியாது, தேடலுக்குத் தெரியும். த்ரில்லர் வாசகர்கள் துப்பைத் தேடித் திரும்பிப் போகிறவர்கள், அவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. அன்று இரவே மாற்றி ஏற்றினேன். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் புதிய படி தானாகப் போய்விடாது. பிழை பெரியது என்று நாம் எழுதிக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் போகும். இந்த ஒன்றை அவர்கள் மாற்றினால் நன்றாக இருக்கும்.

அச்சுக்கு வருவோம். கிண்டிலே படிக்காத என் அம்மாவுக்கும் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கும் காகிதம் வேண்டியிருந்தது. ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம்வழி இலவசமாக வாங்கினேன். நூறு பிரதி, டெமி அளவு. அச்சகத்தில் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறி முப்பது இடங்களில் சொற்கள் சிதைந்தன. மெய்ப்புப் பார்த்தது யூனிகோடுக் கோப்பை, அச்சானது வேறொன்று. அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பை வரி வரியாக மறுபடி படிக்காமல் ஒப்புதல் தராதீர்கள். ஐம்பது பிரதி திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. கடைகளுக்குக் கழிவு கொடுத்த பிறகு ஒரு பிரதியில் தேநீர்க் காசுதான் மிஞ்சுகிறது. ஆனாலும் ஊரில் என்னை எழுத்தாளராகப் பார்க்க வைத்தது அந்தக் காகிதப் பிரதிதான்.

அதில் ஒன்றைப் பண்ணவாடியில் ஒரு பரிசல்காரருக்குக் கொடுத்தேன். கதையில் கொலைகாரன் ஆடி மாதம் சாயங்காலம் எதிர்க்கரையில் உள்ள நாகமரையிலிருந்து பரிசலில் இக்கரைக்கு வருகிறான். அடுத்த முறை போனபோது அவர், "எல்லாம் சரிம்மா, ஆடிக் காத்துல பொழுது சாய யாரு பரிசல் எடுப்பா? விடியக்காலைல வரச் சொல்லுங்க" என்றார். பேருந்தில் திரும்பும்போதே அந்தக் காட்சியை விடியற்காலைக்கு மாற்றி எழுதி, இரவு கிண்டிலில் ஏற்றிவிட்டேன். வீட்டில் மிச்சமிருக்கும் நாற்பது பிரதிகளில் அவன் இன்னும் சாயங்காலம்தான் வருகிறான்.