ஓசூரில் ஒரு மேன்பவர் ஏஜென்சி: சம்பளச் சீட்டு சரி, குறை கேட்க ஆள் இல்லை

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை தேடி வரும் பலரை இன்று ஆலை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. இயந்திரம் ஆலையுடையது, வேலை சொல்பவர் ஆலையின் சூப்பர்வைசர், சம்பளம் மட்டும் மேன்பவர் ஏஜென்சியிடமிருந்து வரும். பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள அத்தகைய ஏஜென்சி ஒன்றின் வழியாக வாகன உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கிறேன். அங்கே சேர எண்ணும் சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். பதிவுக் கட்டணம் கேட்பதில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. சம்பளம் ஏழாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் விழுந்துவிடுகிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்றால் நம்மிடம் 12 சதவீதமாக 1,440 ரூபாய்தான் பி.எஃப். பிடிக்க வேண்டும், முதலாளி தர வேண்டிய இன்னொரு 1,440 ரூபாயையும் நம் சம்பளத்திலேயே கழித்துவிடும் ஏஜென்சிகள் உண்டு, அது சட்டப்படி குற்றம். இவர்களுடைய சீட்டில் அந்தத் தில்லுமுல்லு இல்லை. இ.எஸ்.ஐ. பிடித்தமும் 0.75 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நம் பி.எஃப். கணக்கின் நிரந்தர எண்ணான யூ.ஏ.என்.-ஐப் போட்டுப் பாஸ்புக்கைப் பார்த்தால் இரண்டு பங்கும் கட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் குறை என்று போய் நின்றால் நிலைமை வேறு. இரவு ஷிப்டில் பார்த்த ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மணிநேரம் ஒரு மாதச் சீட்டில் விடுபட்டிருந்தது. சூப்பர்வைசர், "அது உங்க ஏஜென்சி சமாச்சாரம் தம்பி" என்றார். ஏஜென்சியிலோ ஆலையின் வருகைப்பதிவைக் கொண்டுவரச் சொன்னார்கள், அதை என் கையில் யார் கொடுப்பார்கள்? ஒப்பந்ததாரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை முதலாளியே, அதாவது வேலை வாங்கும் ஆலையே, கொடுக்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொட்டு இருந்துவரும் விதி. இரட்டிப்பாக வர வேண்டிய அந்தப் பணம் கடைசியில் வந்தது என்றாலும், ஆலையின் மனிதவளத் துறைக்கு எழுதிக் கொடுத்த பிறகே வந்தது.

நியமனக் கடிதத்தையும் கேட்டவர்களுக்கு மட்டுமே தருகிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை எல்லாத் தொழிலாளர்களுக்கும் கட்டாயமாக்கியிருக்கின்றன. சேர்ந்த தேதி எழுத்தில் இல்லாவிட்டால் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) சேவைக்காலத்தைக் காட்ட நாம்தான் அலைய வேண்டும்.

முதல் வேலைக்கு இந்த ஏஜென்சியை நம்பிப் போகலாம். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். சேரும் அன்றே கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், ஓ.டி. பார்த்த நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து, அன்றன்றே சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.