விண்டனா, ரிச்மண்டா?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து உட்பகுதியில் விண்டன், ரிச்மண்ட், ஹியூவெண்டன் மூன்று ஊர்களையும் சேர்த்து ‘டைனோசர் முக்கோணம்’ என்று விளம்பரப்படுத்துகிறார்கள். நேரம் குறைவென்றால் போட்டி முதல் இரண்டுக்கும்தான். ஹியூவெண்டனில் முட்டாபுராசாரஸ் என்ற தாவர உண்ணி டைனோசர் எலும்புக்கூட்டின் நகலைப் பார்த்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ரிச்மண்டின் குரோனோசாரஸ் கார்னர் புதைபடிவ அருங்காட்சியகத்தில் டைனோசரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் இருக்கும் இடம் கடலுக்கு அடியில் கிடந்தது. அதனால் அங்கே நீந்தியவைதான் அதிகம்: பிளியோசார், இக்தியோசார் என்ற கடல் ஊர்வன, ஆமை, மீன், சுருள் ஓடுள்ள அம்மோனைட். 1989-இல் அருகிலிருந்த மாரத்தான் பண்ணையில் குன்பராசாரஸ் என்ற கவச டைனோசரும் கிடைத்தது. செத்த உடல் கடலுக்கு அடித்து வரப்பட்டிருக்க வேண்டும். ரிச்மண்டின் பெரிய பலம், ஊருக்கு வெளியே பொதுமக்களே தோண்டிப் பார்க்க இடம் ஒதுக்கியிருப்பது. சுத்தியல் கிடைத்த பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு.

விண்டன் வேறு கதை. கடல் வடிந்தபின் ஆறும் குட்டையுமாக இருந்த நிலம் அது. 1999-இல் செம்மறிப் பண்ணைக்காரர் டேவிட் எலியட் தன் நிலத்தில் ஒரு பெரிய எலும்பைக் கண்டதில்தான் எல்லாம் தொடங்கியது. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் கரிசல் மண், அடியில் கிடக்கும் எலும்பை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடுகிறது. இங்கே கிடைத்தவற்றில் நீண்ட கழுத்துத் தாவர உண்ணி டயமண்டினாசாரஸுக்கும், வேட்டையாடி ஆஸ்ட்ராலோவெனேட்டருக்கும் 2009-இல் பெயர் சூட்டினார்கள், இன்னொரு நீண்ட கழுத்து டைனோசரான சவன்னாசாரஸுக்கு 2016-இல்.

ஆஸ்திரேலியன் ஏஜ் ஆஃப் டைனோசர்ஸ் அருங்காட்சியகம் ஊரிலிருந்து சுமார் 24 கிலோமீட்டரில், தட்டையான குன்றின் மேல் இருக்கிறது. அங்கே கண்ணாடிக் கூண்டைவிட ஆய்வுக்கூடம்தான் என்னை இழுக்கும். பாறையை நுணுக்கி நுணுக்கி எலும்பைப் பிரிப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த 54 மீட்டர் நீள டைனோசர் காலடித்தடப் பாதையும் இருக்கிறது. வழிகாட்டியோடு நேரக் கணக்கில் சுற்ற வேண்டும் என்பதால் அரைநாள் போய்விடும்.

டவுன்ஸ்வில்லிலிருந்து மவுண்ட் ஐசா போகிறவர்களுக்கு ரிச்மண்ட் வழியிலேயே வரும். இரண்டு மணி நேரம் போதும். லாங்ரீச் பக்கம் வருகிறவர்கள் விண்டனைத் தவறவிடவே கூடாது. ஒன்றுதான் முடியும் என்றால், சின்னப் பிள்ளைகள் இல்லாத பட்சத்தில் என் ஓட்டு விண்டனுக்கு. அங்கிருந்து 110 கிலோமீட்டர் தள்ளி லார்க் குவாரியில் 3,000-க்கும் மேற்பட்ட காலடித்தடங்கள் உண்டு. மிரண்டு ஓடிய கூட்டத்தின் தடங்களா, நீந்திக் கடந்தவற்றின் தடங்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போவதென்றால் பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள். அந்நேரம் சாலை கங்காருக்களுடையது.