எல்லைக்கோட்டுச் சர்க்கரை: உணவும் நடையுமா, மெட்ஃபார்மினா?

“சர்க்கரை பார்டரில் இருக்கிறது” என்று மருத்துவர் சொன்னதும், ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை உடனே தொடங்குவதா, உணவைத் திருத்தி நடந்தால் போதுமா என்ற கேள்வி எழுகிறது. குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழிந்தபின் ரத்தச் சர்க்கரை 140 முதல் 199 மி.கி. வரை இருக்கும் இந்நிலையில், இவ்விரு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளே இருக்கின்றன.

2002-இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் 3,234 பேர் பங்கேற்றனர். உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யப் பழக்கப்பட்டவர்களிடையே புதிதாக நீரிழிவு தோன்றுவது 58 சதவீதம் குறைந்தது. நாளுக்கு இருமுறை 850 மி.கி. மெட்ஃபார்மின் உட்கொண்டவர்களிடையே 31 சதவீதம்தான் குறைந்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு வாழ்க்கை முறை மாற்றம் இன்னும் அதிகமாக, 71 சதவீதம் வரை கைகொடுத்தது. மாத்திரையால் அவர்களுக்குக் கிடைத்த பலன் சொற்பமே.

ஆனால் நமக்கு அதைவிட நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அந்த ஆய்வில், எந்தத் தலையீடும் பெறாதவர்களில் 55 சதவீதத்தினர் மூன்றாண்டுகளில் நீரிழிவுக்கு உள்ளாயினர். மாவுச்சத்தையும் எண்ணெயையும் மட்டுப்படுத்தி, நார்ச்சத்தைக் கூட்டி, தினமும் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களிடையே அது 39.3 சதவீதம், குறைந்த அளவு மெட்ஃபார்மின் பெற்றவர்களிடையே 40.5 சதவீதம், இரண்டையும் சேர்த்துப் பின்பற்றியவர்களிடையே 39.5 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் பலன் இரட்டிக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பொய்த்தது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று: வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்ட குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலேயே இந்தப் பாதுகாப்பு கிடைத்தது. ஒல்லியாக இருந்தும் சர்க்கரை ஏறும் உடல்வாகு நம்மிடையே மிகுதி என்பதால், எடைக்கருவியின் முள் நகரவில்லை என்று மனம் தளர்ந்து நடையை நிறுத்திவிடுவது பெரும் இழப்பு.

விலையில் மெட்ஃபார்மின் மலிவானது, பல்லாண்டுப் பழக்கத்தில் நம்பகமானது. வயிற்றுக் கோளாறு சிலருக்கு வரும். நெடுங்காலம் எடுத்தால் உடலில் வைட்டமின் பி12 குறையலாம். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு எச்சரிக்கை தேவை. நடையும் உணவும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சேர்த்தே சீராக்குகின்றன. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கி ஆறாண்டுகள் மட்டுமே இம்மாற்றங்களைப் பயிற்றுவித்த ஆய்வில், 30 ஆண்டுகள் கழித்தும் இதய, ரத்தநாள நோய் நிகழ்வுகள் 26 சதவீதம் குறைவாக இருந்தன. ஆகவே பெரும்பாலோர்க்கு நடையும் உணவுமே முதலில் வர வேண்டும் என்பது என் துணிபு.

இருப்பினும் கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்துபோன பெண்களைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பை அப்படியே சொல்ல முடியாது. அமெரிக்க ஆய்வில் அவர்களிடையே இரு வழிகளும் ஏறத்தாழ 50 சதவீதம் என்ற அளவில் சமமாகப் பயன் தந்தன. கைக்குழந்தையோடு தூக்கமின்றி அல்லாடும் ஒரு தாயால் தினமும் அரை மணி நேரம் நடக்க முடியாதபோது, மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்பதில் அவர் எவ்விதத் தயக்கமும் கொள்ள வேண்டியதில்லை.