மாதச் சந்தாவில் மோட்டார் அதிர்வு சென்சார்: வாங்கலாமா?

மோட்டாரின் நடுக்கத்தை அளந்து பழுதை முன்கூட்டியே காட்டும் சென்சாரைச் சும்மா தந்துவிட்டு, மோட்டார் ஒன்றுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கும் சேவை இது. கருவி நல்லதுதான், பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபேன் மூடிமேல் ஒட்டினால் தகட்டின் நடுக்கம்தான் பதிவாகும். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் கூட்டின்மேல், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ஸ்டட் (மரையுள்ள திருகுக் கம்பி) போட்டு இறுக்க வேண்டும். காந்தப் பிடி உயர் அதிர்வெண்களை விழுங்கிவிடும்; பேரிங் பழுதின் முதல் அறிகுறியே அங்கேதான் தெரியும். 5 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 5,000 அதிர்வு) வரை பார்க்க, அதன் இருமடங்கான நொடிக்கு 10,000-க்கு மேல் மாதிரிகள் (அளவீடுகள்) எடுக்கும் சென்சார் தேவை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் (மின் கட்டுப்பாட்டுக் கருவி) உள்ள மோட்டாருக்கு ஒரே எச்சரிக்கை வரம்பு வைத்தால் பொய் அலாரம் கொட்டும். வேகத்துக்கேற்ப வரம்பைப் பிரிக்க மென்பொருளில் வழியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சந்தாவை நிறுத்தினால் பழைய தரவு யாருக்கு? அதற்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.