1984 கோல்ஃபா, 1991 கோல்ஃபா? என் ஓட்டு 91க்குத்தான்

பழைய கோல்ஃப் கேம், அதுவும் கையை ஒடிக்கிற மாதிரி கடினமானது ஒன்றைப் பழகலாம் என்று இறங்கினால் நின்டெண்டோவின் இரண்டு கேம்களுக்கு இடையில்தான் மனம் அல்லாடும். 1984இல் ஃபேமிகாம் என்ற அவர்களுடைய வீட்டு கேம் கருவிக்கு வந்த 'கோல்ஃப்' ஒன்று. 1991இன் 'என்இஎஸ் ஓபன் டோர்னமென்ட் கோல்ஃப்' இன்னொன்று. இரண்டையும் ஆடிப் பார்த்து நான் 91இல் உட்கார்ந்துவிட்டேன், அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பழையதில் ஒரே மைதானம், 18 ஹோல். புதியதில் அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன் என்று மூன்று மைதானம், 54 ஹோல், பரிசுப்பணம், ஸ்கோரைச் சேமிக்கும் வசதி. இதெல்லாம் பார்த்தவுடனே தெரிகிற விஷயம், இதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

பழையதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டா புரோகிராம் செய்தது அது. திரையில் ஓடும் மீட்டரைப் பார்த்து பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும்: முதல் அழுத்தில் மட்டை பின்னால் போகும், இரண்டாவதில் பலம் முடிவாகும், மூன்றாவதில் பந்து மேல் படும். பின்னால் வந்த எத்தனையோ கோல்ஃப் கேம்கள் இந்த மூன்று அழுத்தைத்தான் பிடித்துக்கொண்டன.

எல்லாம் அந்த மூன்றாவது அழுத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ பந்து ஒரு பக்கமாக வளைந்து மரத்துக்கோ தண்ணீருக்கோ போய்விடும். 84இல் அந்த மீட்டருக்கு ஒரே வேகம்தான், பந்து எப்படிக் கிடந்தாலும் எங்கே கிடந்தாலும் அதே ஓட்டம். 91இல் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மெதுவா, சாதாரணமா, வேகமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். வேகமாக வீசினால் பந்து தூரம் போகும், ஆனால் மூன்றாவது அழுத்தைப் பிடிப்பது பெரும்பாடு. மெதுவாக வீசினால் பந்து நேராகப் போகும், தூரம் குறையும். ஒரு பார் 5இல் (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) கிரீனுக்கு, அதாவது குழி இருக்கிற புல்வெளிக்கு, முன்னால் தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள்: வேகமாக வீசி இரண்டாவது அடியிலேயே தாண்டப் பார்க்கலாம், இல்லை மெதுவாக வீசி இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு மூன்றாவதில் ஏறலாம். பழையதில் கஷ்டம் எப்போதும் விரலுக்குத்தான், இதில் விரலை அசைப்பதற்கு முன்பே தலைக்கும் வேலை வந்துவிடுகிறது, எனக்கு கோல்ஃப் என்றாலே அதுதான்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. இந்த கேம்கள் விநாடிக்குச் சுமார் 60 ஃப்ரேம் (படம்) ஓடுபவை. இன்றைய டிவி ஒன்று படத்தைக் காட்ட 50 மில்லி விநாடி தாமதித்தாலே மூன்று ஃப்ரேம் போச்சு, பழைய குழாய் டிவியில் சரியாக விழுந்த அழுத்து இங்கே பிந்திவிடும். முதலில் டிவியில் இந்தத் தாமதத்தைக் குறைக்கிற கேம் மோடைப் போடுங்கள். அதற்கு அப்புறமும் மிச்சமிருக்கிற தாமதத்தை 91இல் மெதுவான வீச்சு ஓரளவு தாங்கிக்கொள்ளும். 84இல் அந்தத் தப்பிக்கும் வழி இல்லை, தாமதத்தைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே அழுத்தப் பழக வேண்டியதுதான்.

நியோ ஜியோ என்ற இன்னொரு கேம் கருவியின் 'நியோ டர்ஃப் மாஸ்டர்ஸ்' (1996) எங்கே என்று கேட்பீர்கள். நான் கொஞ்சம்தான் ஆடியிருக்கிறேன், அதனால் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அழகான, விறுவிறுப்பான கேம், ஆனால் ஆர்கேடுக்கு, அதாவது கடையில் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்கு, செய்தது என்பதால் நிதானமாக யோசித்து ஆடுகிற ஆசைக்கு அது ஒத்துவருமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

91ஐத் தொடங்குபவர்கள் அமெரிக்க மைதானத்தில் மெதுவான வீச்சோடு தொடங்குங்கள், பிரிட்டனைக் கடைசிக்கு வையுங்கள். ஸ்விட்ச் ஆன்லைன் என்ற நின்டெண்டோவின் சந்தா சேவையில் ஆடினால் வேறு கவலை இல்லை. பழைய கேட்ரிட்ஜ் வாங்குவதாக இருந்தால் மட்டும், ஸ்கோரைக் காப்பாற்றும் பேட்டரி உள்ளே சால்டர் செய்யப்பட்டிருக்கும், இத்தனை வருஷத்தில் அது தீர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாற்றிவிட்டார்களா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.