பங்கர் மணல் வாங்குகிறவர்கள் கவனம்: மேலே ஆற்று மணல், அடியில் வண்டல்

திருகோணமலைப் பக்கம் கோல்ஃப் பங்கர்களை, அதாவது திடலில் உள்ள மணல் குழிகளை, பராமரிப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். நிலாவெளியில் ஒரு விடுதியின் சிறிய பயிற்சித் திடலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாரிக்கு முன் பங்கர்களுக்குப் புது மணல் போடலாம் என்று ஒரு வியாபாரியைப் பிடித்தோம். அவர் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்.

மாதிரிக்குக் கொண்டுவந்த மணல் அருமையானது. கழுவி அரித்த மகாவலி மணல், மூதூர்ப் பக்கத்துச் சரக்கு என்றார். மணிகள் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடையில், முனை மழுங்காமல் இருந்தன. பங்கருக்கு அதுதான் வேண்டும். உருண்டை மணியில் விழுந்த பந்து பாதி புதைந்துவிடும். முனையுள்ள மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பந்தைத் தாங்கும். போத்தலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கியும் பார்த்தோம், கலங்கல் மிகக் குறைவு. விலை பேசி முற்பணம் கொடுத்தோம்.

முதல் டிப்பர் பட்டப்பகலில் வந்தது, அதே மணலுடன். பிறகு வந்த லோடுகள் எல்லாம் இருட்டிய பிறகுதான். கடைசி லோடு மறுபடியும் நல்ல மணல், அதைக் குவியலின் மேலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்த கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தளத்தில் ஐந்து அங்குலம், சரிவில் இரண்டு அங்குலம் என்று பரப்பி முடித்து, மீதிப் பணமும் கொடுத்தாயிற்று.

முதல் பெருமழையில் குட்டு வெளிப்பட்டது. பழைய மணல் இருந்த காலத்தில் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும் பங்கர்கள், விடிந்த பிறகும் குளமாக நின்றன. அடியில் போட்டிருக்கும் நான்கு அங்குலத் துளைக் குழாய்க்குத் தண்ணீர் இறங்கவே இல்லை. தோண்டினால் சாம்பல் நிற வண்டலும் சிப்பித் துண்டுகளும் வருகின்றன. வினாகிரி விட்டதும் சிப்பிச் சுண்ணாம்பு நுரைத்தது. வெயில் ஏறியதும் மேற்பரப்பு ஓடு போல் இறுகிவிட்டது. மணல்வாரியின் பல் கீறுகிறதே தவிர இறங்கவில்லை.

இந்த மணலை அள்ளி வெளியே போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வண்டல் கீழே இறங்கிக் குழாயைச் சுற்றியுள்ள சல்லிக்கல்லையும் அடைத்துவிடுகிறது. அதையும் கிளறி எடுத்துக் கழுவ வேண்டும். மழைக்குள் நின்று அந்த வேலையைச் செய்கிற எங்கள் ஆட்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பங்கரில் அடிப்பதற்கு முன் கையாலோ மட்டையாலோ மணலைச் சோதித்துப் பார்க்கக் கோல்ஃப் விதி இடம் தராது. விளையாடுகிறவர் எங்களை நம்பித்தான் குழிக்குள் இறங்குகிறார்.

அளவிலும் கள்ளம் இருந்தது. ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. ஆனால் ஈர மணல் உப்பிக்கொண்டு, காய்ந்த மணலை விடக் கால்வாசி வரைகூடக் கூடுதலாக இடம் பிடிக்கும். தண்ணீர் தெளித்து ஏற்றிய மணலைத்தான் முழு கியூப் கணக்கில் எங்களுக்கு விற்றிருக்கிறார்.

தொலைபேசியில் பிடித்து, "அண்ணை, இது நீங்கள் காட்டின மணல் இல்லையே" என்று கேட்டேன். "மழை பட்டால் எந்த மணலும் அப்படித்தான் தம்பி" என்றார். நல்ல மணலுக்கும் அதே மழைதானே பெய்தது! அப்புறம் அழைப்பை எடுப்பதே இல்லை. பற்றுச்சீட்டில் "மணல்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எந்த மணல், எங்கிருந்து வந்தது என்று ஒன்றும் இல்லை.

நீங்கள் வாங்கும்போது மாதிரியில் ஒரு பையைக் கட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் லோடு இறக்க விடாதீர்கள். ஒவ்வொரு டிப்பரிலும் நடுவிலும் அடியிலும் இருந்து அள்ளிப் போத்தல் சோதனை செய்யுங்கள்: மணல் உடனே படியும், வண்டல் சில மணி நேரம் கழித்து அதன் மேல் தனிப் படையாகத் தெரியும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் லொறியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கிறோம். நிலாவெளி, உப்புவெளி, சீனக்குடா, கிண்ணியா பக்கங்களில் இதே மாதிரி இரவு லோடு வாங்கி அடிபட்டவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டையும் மணலில் கொஞ்சத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். சேர்ந்து கொடுப்போம்.